அடுத்த பாதம்

பாப்பாவின் உள்ளங்காலிலிருந்து எடுத்த இரும்புத் துணுக்கு அரை நகத்தளவுகூட இருக்காது. சுருண்டு, லேசாக நீலம் பாய்ந்திருந்தது. ட்ரில் இரும்பைத் துளைக்கும்போது சூட்டில் ஏறும் நீலம் அது. ஊசியைத் தீயில் காட்டி, அவள் அலற அலற, அவள் அம்மா காலைப் பிடித்துக்கொள்ள, ஒருவழியாக எடுத்தேன். எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்கவும் தேவையில்லை. என் பட்டறையிலிருந்து, என் ஷூவில் ஏறி வந்திருந்தது.

கோவையில் வீட்டோடு பட்டறை வைத்திருப்பது புதிதில்லை. முன்னால் வீடு, பின்னால் லேத் ஓடும் கொட்டகை என்று எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கின்றன. என்னுடையது பிழைப்புக்கான பட்டறை இல்லை. வாரம் முழுக்கக் கணினியைப் பார்த்துச் சலித்த கைகளுக்குச் சனி, ஞாயிறில் ஒரு வேலை. சமையலறைக் கதவைத் திறந்தால் நாலடியில் தகரக் கொட்டகை. ஒரு மேசை, ஒரு வைஸ், ட்ரில், கிரைண்டர், அப்பாவின் பழைய உளிகள்.

எதையும் முறையாகச் செய்ய வேண்டும் என்கிற ஆர்வத்தில் முதலில் சேஃப்டி ஷூ வாங்கினேன். கணுக்கால் உயரம், இரும்புத் தொப்பி, ஆறு ஜோடிக் கண்ணில் லேஸ். விரல் பகுதி 200 ஜூல் அடியைத் தாங்கும் என்றார்கள். 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். என் மேசையில் இருப்பதிலேயே கனமான சுத்தியல் 2 கிலோ. அது விழுந்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. இருந்தாலும் அதைப் போட்டுக்கொண்டு நிற்கும்போது ஒரு தைரியம்.

பிரச்சினை லேஸில் இருந்தது. ஒரு சனிக்கிழமையில் வீட்டுக்குள் பத்துப் பதினைந்து முறை போக வேண்டியிருக்கும். தண்ணீர், காபி, ஃபோன், பாப்பா கூப்பிடுவாள். முதல் வாரம் ஒவ்வொரு முறையும் குனிந்து அவிழ்த்தேன். மூன்றாவது வாரம், “ஒரு நிமிஷம்தானே” என்று அப்படியே நுழைந்தேன். அதன்பிறகு அந்த ஒரு நிமிஷத்தைச் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

அப்பா மரவேலை செய்தவர். வாழ்நாள் முழுக்க வெறுங்கால். தரையில் உட்கார்ந்து, கால் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் பலகையை இடுக்கிக்கொண்டு செதுக்குவார். அவருக்குப் பாதம்தான் வைஸ். தொழில் செய்கிற இடத்தில் செருப்புப் போடக் கூடாது என்ற பக்தியும் உண்டு. இடது கட்டைவிரலில் பாதி நகம் கிடையாது. உளி விழுந்தது. அதையெல்லாம் நான் அறியாமைக் கணக்கில்தான் வைத்திருந்தேன்.

பாப்பா தூங்கியபிறகு அவரிடம் சொன்னேன். சின்ன வயதில் பார்த்தது ஞாபகம் வந்தது. வேலை முடிந்ததும் வாசலில் கிடக்கும் சாக்கில் இரண்டு காலையும் தேய்த்து, கையால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் அவர் உள்ளே வருவார். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

“சிராய் ஏறுனா எனக்குச் சுருக்குன்னு தெரிஞ்சிரும் சாமி. உனக்கு எப்படித் தெரியும்?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஷூ என் வலியைத் தடுத்தது. கூடவே, என்ன மிதித்தேன் என்ற சேதியையும் தடுத்துவிட்டது. ஆழமான பள்ளங்கள் கொண்ட அந்த சோல் துணுக்குகளைப் பத்திரமாகக் கவ்விக்கொண்டு வந்து, வெறுங்காலோடு ஓடுகிற ஒருத்தி இருக்கும் தரையில் உதிர்த்தது. வலி எங்கேயும் போய்விடவில்லை. அடுத்த பாதத்துக்கு மாறியிருக்கிறது. யோசித்தால் பல பாதுகாப்புகள் இப்படித்தான். என் அறையைக் குளிர்விக்கும் ஏசி, அந்தச் சூட்டைப் பக்கத்து வீட்டு ஜன்னலை நோக்கி ஊதுகிறது. உள்ளே இருக்கும் எனக்கு அது தெரிவதில்லை.

வெறுங்கால்தான் உயர்ந்தது என்று சொல்ல வரவில்லை. அப்பாவின் அரை நகத்தைப் பார்த்துக்கொண்டே அப்படிச் சொன்னால் அது பொய். பாதுகாப்பு வேண்டும். அதோடு, அதை வாசலிலேயே விட்டுவிட்டு வருவது எளிதாகவும் இருக்க வேண்டும்.

அப்படித்தான் லேஸ் இல்லாத ஷூ தேடினேன். குதிகால் திறந்த வகை கழற்றச் சுலபம்தான், ஆனால் கனமான பொருளைத் தூக்கித் திரும்பும்போது கால் வழுகுகிறது. ஓட்டை போட்ட ஃபோம் செருப்பில் சூடான துணுக்கு நேராக உள்ளே இறங்கும், ஃபோமும் உருகும். கடைசியில் தோல் ஷூ. முன்னும் பின்னும் மூடியது, பக்கவாட்டில் எலாஸ்டிக், பள்ளம் குறைந்த சோல். கிரைண்டர் பொறி சிக்கிக்கொள்ள லேஸும் இல்லை. ஒரு காலால் மறு குதிகாலை அழுத்தினால் கழன்றுவிடும். குனிய வேண்டாம்.

இது வெறும் சோம்பேறித்தனம் இல்லையா என்று நண்பன் கேட்டான். கஷ்டப்பட்டுச் செய்வதுதானே கடமை? சுலபமாக்கிவிட்டால் அதில் உன் நல்ல குணம் எங்கே இருக்கிறது?

நியாயமான கேள்விதான். வீடு கட்டிக் கட்டித்தான் ஒருவன் கொத்தனாராவது போல, செய்து செய்துதான் நல்ல குணமும் படியும் என்று அரிஸ்டாட்டில் கருதினார். ஒரு நாளைக்குப் பதினைந்து முறை செய்ய வேண்டிய காரியம் ஒவ்வொரு முறையும் மல்லுக்கட்டாக இருந்தால், எனக்கு மூன்றாவது வாரம் தாண்டாது. எனக்கு என்னைத் தெரியும். அதைவிட, நான் எவ்வளவு சிரமப்பட்டேன் என்பது பாப்பாவின் பாதத்துக்குத் தேவையில்லாத தகவல்.

அப்பாவுக்கும் ஒரு ஜோடி வாங்கினேன். போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றி வைத்தார். “வெரல் வெளிய இல்லாம எதைடா புடிக்கிறது?” வற்புறுத்தவில்லை. அவருடைய ஆபத்து அவரோடு நிற்கிறது, வேறு யார் காலிலும் ஏறுவதில்லை. இந்த வாதம் சரியென்றே நினைக்கிறேன். ஆனாலும் அவர் உளியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் என் கண் அந்தக் கட்டைவிரலுக்குத்தான் போகிறது.

இப்போது வாசலில் ஒரு சாக்கு கிடக்கிறது. பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று ஆணியில் தொங்குகிறது. ஷூவைக் கழற்றியதும் திருப்பி, அடியில் காந்தத்தை ஒருமுறை ஓட்டுகிறேன். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒட்டுகிறது.