ஒட்டகத்தைக் கட்டுங்கள்!

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். பள்ளிக்கூடம் சென்று வந்த பேரனுக்குக் கடுங்காய்ச்சல். வைத்தியர் சோதித்து, இன்புளுவென்சா என்கிறார். முதல் நாள் இரவுதான் அவன் பாட்டனாரின் மடியில் தலைவைத்து உறங்கினான். பாட்டனாரோ நெடுநாளாக ஆஸ்துமாவினால் அவதியுறுபவர். அவருக்கு இன்னும் காய்ச்சல் இல்லை. ஆயினும் வைத்தியர் அவருக்கும் மருந்து எழுதிக் கொடுக்கிறார். "நோயே வராதவனுக்கு மருந்து எதற்கு? அல்லாஹ் நாடியதே நடக்கும்" என்று பெரியவர் அதைத் தள்ளி வைத்துவிடுகிறார்.

அல்லாஹ் நாடியதே நடக்கும். அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால், ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டு அல்லாஹ்வை நம்பியிருக்கலாமா என்று கேட்டவரிடம், முதலில் அதைக் கட்டும்படியும் பிறகு தவக்குல் வைக்கும்படியும் நம் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்தார்கள் அல்லவா?

ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவிய செய்தி கேட்டு, உமர் (ரலி) அவர்கள் ஸர்ஃ என்னுமிடத்திலிருந்தே மதீனா திரும்பினார்கள். இறைவிதியை விட்டு ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவியபோது, ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கே செல்வதாக விடையளித்தார்கள். அப்பொழுது உமர் (ரலி) அவர்களை எந்நோயும் பற்றியிருக்கவில்லை. வருமுன் காத்தார்கள்!

இம்மருந்தின் வேலையும் அதுவே. இன்புளுவென்சாக் கிருமி நம் உயிரணுவினுள் புகுந்து, பெருகி, வெளியேறி அடுத்த அணுவைப் பற்றுகிறது. ஓசெல்டாமிவிர் என்னும் மருந்து அது வெளியேறும் வழியை அடைக்கிறது. எனவே, நோயாளியுடன் நெருங்கிப் பழகிய 48 மணி நேரத்திற்குள் தொடங்க வேண்டும். பெரியவர்களுக்குப் பொதுவாக நாளொன்றுக்கு 75 மில்லிகிராம், ஒரே வேளை, 7 முதல் 10 நாள் வரை. சிறுநீரகக் கோளாறு உடையோருக்கு அளவு குறையும். நோன்பு நோற்பவர் இஃப்தாருக்குப் பின் உட்கொள்ளலாம்.

2009ஆம் ஆண்டு எச்1என்1 காய்ச்சல் பரவியபோது, சிங்கப்பூரின் நான்கு இராணுவ முகாம்களில் இம்முறை கையாளப்பட்டது. அங்கிருந்த 1,175 பேரில் 1,100 பேருக்கு மருந்து கொடுக்கப்பட்டது. நோயுற்றோர் பிரித்து வைக்கப்பட்டனர். அதற்கு முன் 75 பேரைப் பற்றிய நோய், அதன்பின் 7 பேரையே பற்றியது.

எனினும் சகோதரர்களே, இது எல்லோரும் விழுங்கும் மாத்திரையன்று. முதியோர், ஆஸ்துமா, இதயநோய், நீரிழிவு உடையோர், கர்ப்பிணிகள் முதலானோருக்கு வைத்தியர் ஆராய்ந்து கொடுப்பது. சாதாரணச் சளிக்கு இது உதவாது. ஒருவருக்குத் தந்ததை மற்றவர் பங்கிட்டுக் கொள்ளலாகாது. மருந்து நின்றால் அதன் காவலும் நின்றுவிடும். ஆதலால் ஆண்டுதோறும் போடும் தடுப்பூசியை விட்டுவிடாதீர்கள். மருந்து உண்ணும்போதே காய்ச்சல் கண்டால் உடனே வைத்தியரிடம் செல்லுங்கள்.

உங்கள் இல்லத்திலும் அத்தகைய பெரியவர் இருப்பின், வாதாட வேண்டாம். அருகில் அமர்ந்து, ஒட்டகத்தை நினைவூட்டி, பிஸ்மில்லாஹ் சொல்லி மாத்திரையையும் தண்ணீரையும் அவர் கையில் கொடுங்கள். பிறகு அவருக்காக துஆ செய்யுங்கள். நாம் கட்ட வேண்டியது கயிறு. காப்பவன் அல்லாஹ் ஒருவனே.

நம் அனைவருக்கும் அவன் நல்ல சுகத்தைத் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.