தூண்டிலின் நியாயம்

1880களில் ஆங்கிலத் துரைமார் ட்ரவுட் மீனை நுவரெலியாவின் குளிரோடைகளுக்குக் கொணர்ந்தனர்; பசிக்காக அன்று, விளையாட்டுக்காக. முள்ளில் இறகும் நூலும் சுற்றி, பூச்சியென நீர்மேல் மெல்ல விழுமாறு வீசுவது அவர்தம் கலை. இன்று அக்கலையில் ஈடுபடுவோர் பலர், பிடித்த மீனை மீண்டும் நீரில் விட்டு, அதனைக் கருணை என்கின்றனர். விடுவித்தது கருணையெனின், குத்தியது எது?

கஹவத்தையில் என் மாணவன் ஒருவன் மண்புழுவைக் கோத்து ஓடையில் தூண்டிலிடுகிறான், இரவுக் கறிக்காக. மீனுக்கு இரு முள்ளும் ஒன்றே. தூண்டில் இழுபடுகையில் அவன் முகமும் மலர்கிறது. ஆகவே இன்பம் குற்றமன்று. இன்பத்துக்காக மட்டுமே இன்னோர் உயிரை வதைப்பதே குற்றம்.

பசி தீர்ந்த பின்னும் தூண்டில் எடுப்பாயா? அவனிடம் நான் கேட்கவேண்டிய கேள்வி இதுவே. ஆயின், முதலில் அவன் பசி தீரட்டும்.