யாருக்காகத் திறந்த கிணறு?

உங்கள் வீட்டில் ஒரு கிணறு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரே தீட்டு என்று ஒதுக்கிய சிலர் தாகத்தோடு வாசலில் நிற்கிறார்கள். 'உள்ளே வாங்க, நீங்களே இறைத்துக் குடிங்க' என்று கூப்பிடுவீர்களா? கூப்பிட்டால், மறுநாளிலிருந்து சொந்தக்காரர்கள் யாரும் உங்கள் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள்!

புனேயில் 1868-ல் ஜோதிராவ் பூலே கூப்பிட்டார். தன் வீட்டுத் தண்ணீரைத் தீண்டப்படாதவர்களுக்குத் திறந்துவிட்டார். அந்த வீடு இன்று நினைவிடம். முற்றத்துக் கிணற்றைப் போய்ப் பார்க்கலாம்.

அதே புனேயில் இன்னொரு வீடும் இருந்தது. பிடே வாடா. 1848-ல் ஜோதிராவும் அவர் மனைவி சாவித்ரிபாயும் பெண்களுக்காகப் பள்ளிக்கூடம் தொடங்கிய இடம். பாடம் சொல்லிக் கொடுக்கப் போன சாவித்ரிபாய் மீது வழியெல்லாம் சாணியை வீசினார்கள். மாற்றுப் புடவை ஒன்றைக் கையோடு கொண்டுபோனாராம் அந்த அம்மா. அந்தக் கட்டடத்தில் பிறகு கடைகள் வந்தன. நினைவிடமாக்க வேண்டும் என்றார்கள். வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. தீர்ப்பு வந்தபோது கட்டடம் இடிந்துபோகும் நிலையில் இருந்தது. 2023 டிசம்பரில் அதை இடித்தே விட்டார்கள், நினைவிடம் கட்டுவதற்காக! புதிதாக எவ்வளவு அழகாகக் கட்டினாலும், அந்தப் பெண் குழந்தைகள் ஏறிய படி திரும்பி வராது.

'செங்கல்லுக்கு எதற்கு சார் இத்தனை மரியாதை? அந்தப் பணத்தில் நாலு பள்ளிக்கூடம் கட்டலாமே?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பூலேயே இருந்திருந்தால் பள்ளிக்கூடத்தைத்தான் கேட்டிருப்பார்.

ஆனால், மறதி ரொம்ப வசதியானது. இன்னும் இரண்டு தலைமுறை போகட்டும். 'தண்ணீர் கூடவா கொடுக்காமல் இருந்தார்கள்? சும்மா கதை!' என்று ஒருவர் சொல்வார். புத்தகத்தோடு அவர் வாதாடலாம். கிணற்றோடு எப்படி வாதாடுவார்?

அதனால்தான் கட்டடம் நிற்கும்போதே அளந்து வரைபடம் போட வேண்டும். கதவு, தூண், உத்தரம் ஒன்று விடாமல் படம் எடுக்க வேண்டும். பழைய பத்திரங்களைத் தேடிச் சேர்க்க வேண்டும். அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் சொல்வதைப் பதிவு செய்ய வேண்டும். தீர்ப்பு வரும்வரை சுவர் காத்திருக்காது.

எதைப் பதிவு செய்கிறோம் என்பதும் முக்கியம். அவர் எந்த நாற்காலியில் உட்கார்ந்தார் என்பதல்ல விஷயம். யாரை உள்ளே விட்டார், அதற்காக ஊர் அவரை என்ன பாடு படுத்தியது என்பதுதான் விஷயம். அதை விட்டுவிட்டு மாலையும் ஊதுபத்தியுமாக நின்றால், அந்த வீட்டைக் கோயிலாக்கி அந்த மனிதரைத் தொலைத்துவிடுவோம்.

ஒருநாள் புனே போனால் அந்தக் கிணற்றை எட்டிப் பாருங்கள். தண்ணீர் தெரிகிறதோ இல்லையோ, உங்கள் வீட்டுச் சமையலறை தெரியும். வேலை செய்யும் அம்மாவுக்கென்று தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கும் அந்த டம்ளர் தெரியும்.

பூலேயின் வீட்டை அரசாங்கம் பார்த்துக்கொள்ளட்டும். அந்த டம்ளரை நாம்தான் பார்க்க வேண்டும்.