கணக்குக் கேட்ட அன்று



இன்று வாசித்த லூக்கா 16ஆம் அதிகாரத்து வீட்டுப் பொறுப்பாளர் யோக்கியர் இல்லை. ஆனாலும் தலைவர் கணக்குக் கேட்டு, வேலை போகப்போகிறது என்று தெரிந்ததும் அவர் உட்கார்ந்து யோசித்தார். மண்வெட்ட வலு இல்லை; பிச்சையெடுக்க வெட்கம். முடியாததை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டு, மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்த்தார். யாருக்கு எவ்வளவு கடன் என்பது அவருக்கு அத்துப்படி. ஆட்களைக் கூப்பிட்டுப் பேசி முடிக்கத் தெரியும். கடன் சீட்டில் 100 குடம் எண்ணெயை 50 ஆக்கியதும், 100 மூடை கோதுமையை 80 ஆக்கியதும் மோசடிதான். ஆனால் தலைவர் மெச்சியது அவருடைய முன்மதியை. பதவி போனாலும் கைப்பழக்கம் போகவில்லை.

நம் பங்கில் வேலைக்குச் சிபாரிசுக் கடிதம் கேட்டு என்னிடம் வருகிறவர்களிடம் "என்னம்மா தெரியும்?" என்றால், "ஒண்ணும் தெரியாது ஃபாதர், வீட்லதான் இருக்கேன்" என்கிறார்கள். அப்படிச் சொல்கிறவர் அன்பியத்தின் பொருளாளராக இருப்பார். மகளிர் குழுக் கடனைத் தவணை தவறாமல் வசூலித்துக் கட்டுவார். திருவிழா அசனத்துக்கு அரிசி முதல் வாழையிலை வரை கணக்குப் போட்டு வாங்குவார். இதையே ஒரு கம்பெனியில் செய்தால் தனி அறையும் சம்பளமும் தருவார்கள்!

வளைகுடாவில் ஸ்டோர் கீப்பராக இருந்து திரும்பியவர், "அந்த வேலை இங்க இல்லையே" என்று வருந்துகிறார். சரக்கை எண்ணி வாங்குவது, பதிவது, தீரும் முன்பே சொல்வது, பல நாட்டுக்காரரைப் பேசிச் சமாளிப்பது எல்லாம் மருத்துவமனை மருந்துக் கிடங்குக்கும் வேண்டுமே.

கிளவுதியு பேரரசர் யூதர்களை உரோமையைவிட்டு வெளியேற்றியபோது அக்கிலாவும் அவர் மனைவி பிரிஸ்கில்லாவும் கொரிந்துக்கு வந்தார்கள். ஊர் போனது, கூடாரம் செய்யும் தொழில் கூடவே வந்தது. அதே தொழில் தெரிந்த பவுல் அவர்களோடு தங்கி வேலை செய்தார். அந்த ஊரில் ஒன்றரை ஆண்டு போதித்தார்.

இந்த வாரம் உங்களுக்கு என்னென்ன தெரியும் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பதவிப் பெயர் வேண்டாம். செய்த காரியங்கள் போதும். நம்மைப் பற்றி நாமே எழுதும்போது கஞ்சத்தனம் வரும், அதனால் வீட்டில் ஒருவரிடமும் கேளுங்கள். மறைக்கல்வி ஆசிரியர்களே, ஒரு வகுப்புப் பிள்ளைகளை ஒரு மணி நேரம் உட்காரவைப்பதையும் சேருங்கள். எனக்கு அது வராது. அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் நோட்டோடு பங்கு மன்றத்துக்கு வாருங்கள். வங்கியிலும் பள்ளியிலும் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நம் பங்குக்காரர்கள் இருப்பார்கள். எது எந்த வேலைக்குப் பொருந்தும் என்று உங்களோடு உட்கார்ந்து பார்ப்பார்கள்.