வண்டி வரட்டும்

மனிதன் ஊர் மாறுகையில் உடலும் உடைமையும் ஒரே நாளில் போய்ச் சேர்வதில்லை. உடல் முந்திவிட, உடைமை பின்தங்கி வருகிற அந்த இடைக்காலத்தில்தான் அவனுடைய சுபாவம் நன்றாகப் பரீட்சிக்கப்படுகிறது. சிங்கப்பூரில் நெடுங்காலம் வாழ்ந்துவிட்டுத் திருவனந்தபுரத்துக் கரமனையில் குடியேறிய நாங்கள், எங்கள் காரின் வருகையை எதிர்பார்த்திருந்த மாதங்களில் இதை அறிந்துகொண்டோம்.

பழைய காரைக் கடல் கடந்து கொண்டுவருவது லாபகரமான காரியமன்று. உற்பத்தியாகி 3 ஆண்டுக்கு மேற்படாததாகவும், வலப்பக்கத்தில் ஸ்டியரிங் உடையதாகவும் இருந்தாலன்றி அதற்கு நம் நாட்டில் அனுமதியில்லை. இருந்தாலும், காரின் விலையை விஞ்சும் சுங்கத் தீர்வையைச் செலுத்தியாக வேண்டும். பேத்தியைப் பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்துவந்த வண்டி என்கிற அபிமானமே எங்களை அந்தச் செலவுக்கு உட்படுத்தியது. இதில் ஒரு விநோதமும் உண்டு. எங்களுக்குச் சமீபத்திலுள்ள விழிஞ்ஞத்தில், 2024 ஜூலையில் முதல் பெருங்கப்பல் வந்தது தொட்டு, உலகத்தின் மாபெரும் சரக்குக் கப்பல்கள் அணைகின்றன. சர்வதேசக் கப்பல் வழியோ அங்கிருந்து ஏறத்தாழ 10 கடல் மைல் தொலைவிலேயே செல்கிறது. ஆயினும் பழைய கார்கள் மும்பைத் துறைமுகத்தில்தான் இறங்கலாம் என்பது விதியாகையால், எங்கள் வண்டி எங்கள் வாசலைத் தாண்டிப்போய் வடக்கே இறங்கி, மறுபடியும் லாரி ஏறித் தெற்கே வரவேண்டியிருந்தது.

அதுவரையில் "வண்டி வரட்டும்" என்பதே வீட்டில் மந்திரமாயிற்று. சுசீந்திரத்தில் தாணுமாலயன் தரிசனமா, வண்டி வரட்டும். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகராயிருந்த பத்மநாபபுரத்தின் அரண்மனையா, வண்டி வரட்டும். நாகர்கோவிலில் தள்ளாத வயதில் இருக்கும் சித்தப்பாவைப் பார்ப்பதா, அதற்கும் வண்டி வரட்டும். அவரோ தொலைபேசியில், "தம்பானூர்லேருந்து பஸ் ஓடுகுல்லா மக்களே?" என்று ஒரே கேள்வியால் எங்கள் சமாதானங்களையெல்லாம் தகர்த்துவிடுவார்.

2025 மே 25 அன்று, விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் புறப்பட்ட எம்.எஸ்.சி. எல்சா 3 என்னும் கப்பல், 600-க்கு மேற்பட்ட சரக்குப் பெட்டகங்களோடு கடலில் மூழ்கியது. அவற்றுட் சில திருவனந்தபுரக் கடற்கரை வரைக்கும் வந்து ஒதுங்கின. எங்கள் கார் அதில் இல்லையென்றாலும், இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்கிற விசாரம் மனத்தில் எழுந்தது. பொருள் நஷ்டம் ஒருபுறமிருக்க, மறுநாட் காலையிலேயே பஸ் ஏறிச் சித்தப்பாவைப் பார்க்கப் போயிருப்போம். ஏனெனில், எதிர்பார்க்க ஒன்றுமில்லாதவனுக்குத் தள்ளிப்போடவும் காரணமில்லை. செய்ய மனமில்லாத, அல்லது செய்ய அஞ்சுகிற காரியங்களுக்கெல்லாம் வராத பொருள் ஒரு கௌரவமான முகாந்தரமாய் நின்று உதவுகிறது. எத்தனையோ வருஷங்கள் எட்டிப் பாராமல் இருந்துவிட்டு, முதுமையடைந்த ஒருவரின் எதிரே போய் நிற்பதில் உள்ள கூச்சத்தை, கார் இன்னும் வரவில்லை என்பதைக் காட்டிலும் அழகாக மறைக்கக்கூடிய திரை வேறெதுவும் இல்லை.

காத்திருத்தல் குற்றமன்று. மழைக்குக் காத்திருக்கும் நாஞ்சில் நாட்டு உழவன் அதற்குள் வரப்பைச் செப்பனிட்டு, விதை நெல்லையும் தெரிந்து வைத்துக்கொள்கிறான். ஒன்று வந்த பிறகே செய்யத்தக்கது எது, அது வராமலே செய்யக்கூடியது எது என்று விவேகித்து அறிந்தவனுக்கே காத்திருக்கும் உரிமை உண்டு. தொண்ணூறு வயதை நெருங்குகிறவரைப் போய்ப் பார்ப்பது எந்த வகையைச் சேர்ந்தது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. ஏனெனில், நம்மைப்போல் நிதானமாகக் காத்திருக்கும் வசதி அவருக்கு இல்லை.