விருந்தும் கரையும்

நிலையாகத் தங்காத ஓர் உயிருக்கு ஓர் ஊர் கடமைப்பட்டுள்ளதா? பினாங்கு மாநிலத்து மாக் மண்டினின் தொழிற்பேட்டையைக் கடந்து வடக்கே செல்வோர்க்கு இவ்வினா எழாமற் போகாது. அங்கே தெலுக் ஆயர் தாவார் முதல் கோலா மூடா வரை சேற்றுக்கரையும் அதனை அடுத்த அலையாத்திக் காடும் நீண்டு கிடக்கின்றன.

மலேசியாவில் இளவேனில் என்றொரு பருவம் இல்லை. எனினும், மார்ச், ஏப்ரல் திங்களில் இக்கரையில் நிற்போர் அப்பருவத்தைப் பறவைகளின் உடலிற் காணலாம். சாம்பல் நிறத்து மூக்கன்களும் உள்ளான்களும் செங்கல் நிறம் பூண்டு, முட்டையிட வடபுலம் நோக்கிப் புறப்படுகின்றன. உலகில் ஏறத்தாழ 2,000 மட்டுமே எஞ்சியுள்ள நார்ட்மன் பச்சைக்காலியும் இங்கு வருவதுண்டு.

இவற்றின் ஆற்றல் வியப்புக்குரியது. 2022-இல் இளம் பட்டைவால் மூக்கன் ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை 11 நாளில் இடையறாது பறந்து கடந்தது. அவ்வலிமை, புறப்படுமுன் சேற்றில் இரைதேடிச் சேர்த்த கொழுப்பேயன்றி வேறன்று. சேறு இல்லையேல் சிறகும் பயனற்றது.

‘ஒரு கரை போனால் மறுகரை இல்லையோ?’ என்பர் சிலர். தென்கொரியாவின் சேமங்கும் கழிமுகத்தை 33 கிலோமீட்டர் அணை 2006-இல் அடைத்தது. அங்கு இளைப்பாறிய பெரு நாட் என்னும் உள்ளான்கள் பிறிதிடம் சென்று பிழைத்தில; தொலைவிலுள்ள ஆஸ்திரேலியக் கரைகளிலும் அவற்றின் தொகை வீழ்ந்தது. வழியில் ஒரு சத்திரம் மூடப்படின் வழி முழுவதுமே அறுபடுகின்றது.

தமிழகத்து வேடந்தாங்கல் மக்கள் 1798-இலேயே, பறவைகளைச் சுடலாகாது என முறையிட்டு ஆணை பெற்றனர். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் அவர்தம் வயலுக்கு எருவாயிற்று. ஆகவே அங்கு அறத்தோடு பயனும் இருந்தது. தெலுக் ஆயர் தாவார்ப் பறவையோ எவர்க்கும் எரு தருவதில்லை. அலையாத்திக் காடு அலையைத் தணிக்கும், மீன்குஞ்சை வளர்க்கும் என்று பயன் காட்டிக் கரையைக் காக்கலாம், அது மெய்யே. ஆனால், பயன் ஒன்றே காரணமாயின், அதனினும் பெரிய பயன் தோன்றும் நாளில் காவல் நீங்கிவிடும். கைம்மாறு கருதி இடும் சோறு விருந்தன்று, வாணிகம்.

மனிதர்க்கு வீடும் வேலையும் வேண்டாவோ எனின், வேண்டும். பசித்தவனிடம் பறவையைக் காட்டி வாழ்வை மறுத்தல் அறமாகாது. ஆயினும் ஆலைக்கு வேறு நிலம் அமையும்; ஓதம் ஏறி இறங்கும் சேற்றுக்கு மாற்றிடம் அமையாது. மாற்று உடையவர் விட்டுக்கொடுத்தலே நீதி.

இவ்வறம் அரசுக்கு மட்டும் உரியதன்று. பறவை காணச் செல்லும் மாணவனும் எட்டி நின்று காணல் வேண்டும். அருகே சென்று ஒரு கூட்டத்தை எழுப்புவானாயின், நெடுவழிக்கு அவை சேர்த்த வலிமையில் ஒரு பகுதியைத் தன் ஆசைக்காகச் செலவழித்தவன் ஆவான். தன்னைத் திரும்பியும் நோக்காத விருந்தினரைத் துன்புறுத்தாது வழியனுப்பக் கற்றவனே விருந்தோம்பலைக் கற்றவன்.