எதற்கு விசுவாசம்?

'ஹைஃபை' என்று எல்லோரும் சொல்கிறோம். அதன் முழுப் பெயர் 'ஹை ஃபிடலிட்டி'. தமிழில் சொன்னால், உயர்ந்த விசுவாசம். 1927-இல் இந்தப் பெயரைத் தாமே வைத்ததாக ஹார்ட்லி என்ற ஆங்கிலேயப் பொறியாளர் பிற்காலத்தில் சொல்லிக்கொண்டார். பாடியவர் எப்படிப் பாடினாரோ அப்படியே நம் காதில் கொண்டுவந்து சேர்ப்பது என்ற பொருளில் வழங்குகிற பெயர் அது. ஆனால் விசுவாசம் என்றால் யாரிடம் என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறதே! பாடியவரிடமா? பெட்டியை வாங்கியவரிடமா? அவர் வாங்குவதற்காகத் தங்கள் தேவைகளைத் தள்ளிப்போட்ட வீட்டாரிடமா?

சங்கரன்கோவிலில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். சொந்தக் கடை, சொந்த வீடு, சங்கீதத்தில் உண்மையான ஈடுபாடு. அதிலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரம் என்றால் உயிர். காருகுறிச்சியார் 1964-இல் காலமாகிவிட்டார். இன்று நமக்கு மிஞ்சியிருப்பவை இசைத்தட்டுகளும் கச்சேரிப் பதிவுகளுமே. நண்பர் முதலில் சாதாரணப் பெட்டி ஒன்றில் அவற்றைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஆம்ப்ளிஃபயரை மாற்றினார். அது வந்ததும் ஸ்பீக்கர் போதவில்லை என்று தோன்றியது. ஸ்பீக்கர் வந்ததும் அதற்கு இன்னும் பெரிய ஆம்ப்ளிஃபயர் தேவைப்பட்டது. ஒயர்கூட வெளியூரிலிருந்து வந்தது.

ஒருநாள் என்னை உட்காரவைத்துத் தோடி போட்டார். ஆலாபனை நடுவில் கையை உயர்த்தி, "அண்ணாச்சி, பின்னால 'உஸ்ஸு'ன்னு ஒண்ணு கேக்குது பாத்தீங்களா? டேப்போட இரைச்சல். பழைய செட்டுல இது தெரியவே தெரியாது!" என்றார்.

எனக்கும் கேட்டது. அதன் பிறகு தோடி கேட்கவில்லை.

அந்த வீட்டில் அவருடைய மகள் பாட்டுக் கற்றுக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கர் வந்த மாதம், பாட்டு வாத்தியாருக்கு அடுத்த மாதம் சேர்த்துக் கொடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னார்கள். அடுத்த மாதமும் அப்படியே ஆயிற்று. பிறகு வாத்தியார் வரவில்லை. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, தானாக நின்றுவிட்டது. நண்பர் கெட்டவர் அல்லர். மகள் மேல் கொள்ளைப் பிரியம் உள்ளவர். இருந்தும், சங்கீதத்துக்காகச் செய்த செலவு அந்த வீட்டிலிருந்து சங்கீதத்தை வெளியே அனுப்பிவிட்டது.

இதைச் சொல்வதால், இருப்பதே போதும் என்று தகர டப்பா போல் அலறுகிற ஒன்றை வைத்துக்கொண்டு காலம் தள்ளச் சொல்கிறேன் என்று எண்ணிவிட வேண்டாம். ஒரு கலைஞர் ஆயுள் முழுவதும் சாதகம் செய்து பெற்ற நாதத்தை அரைகுறையாகக் கேட்டுவிட்டுத் திருப்திப்படுவதும் ஒரு துரோகமே. கருமித்தனத்துக்குச் சிக்கனம் என்று பெயர் வைத்துக்கொள்வது சுலபம். ஆகவே கேள்வி இதுதான்: எந்த இடத்தில் 'போதும்' என்று சொல்வது?

காதே இதற்குப் பாதிப் பதில் வைத்திருக்கிறது. ஒலி இரண்டு மடங்கு உரக்கக் கேட்பதுபோல் நமக்குத் தோன்ற வேண்டுமானால், ஆம்ப்ளிஃபயரின் சக்தி ஏறக்குறைய 10 மடங்காக வேண்டும். 20 வாட் வைத்திருப்பவர் 40 வாட் வாங்கினால் கூடுவது 3 டெசிபல்தான். மாற்றம் தெரியும், கொடுத்த பணத்துக்கு ஏற்ற அளவு தெரியாது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் சாதாரணமாக நாம் கேட்கிற ஒலிக்கு ஒரு வாட்டே தாராளம். மிச்சமெல்லாம் தவில் திடீரென்று முழங்கும்போது திணறாமல் இருப்பதற்கு. கடையில் இரண்டு ஸ்பீக்கர்களை அடுத்தடுத்து ஒலிக்கவிட்டால், சற்று உரக்க ஒலிப்பதே சிறந்ததாகத் தோன்றும். நம் காதின் இந்தப் பலவீனம் விற்பவருக்குத் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. இளங்காது நொடிக்கு 20 முதல் 20,000 வரையிலான அதிர்வுகளைக் கேட்கும் என்பார்கள். நாற்பதைத் தாண்டினால் பெரும்பாலோருக்கு மேற்கோடி தேய ஆரம்பித்துவிடுகிறது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். காது இருந்தபோது காசு இல்லை. காசு வரும்போது காது விடைபெறுகிறது!

மீதிப் பாதிப் பதிலை எனக்குக் கொடுத்தவர் ஒரு விசைத்தறித் தொழிலாளி. விசைத்தறி ஓசை இல்லாத சங்கரன்கோவிலை நினைத்துப் பார்ப்பது கடினம். நாடா இப்படியும் அப்படியும் பாய்ந்து முட்டுகிற அந்தக் கூடங்களில் இரைச்சல் 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். எட்டு மணி நேர வேலைக்கு நம் தொழிற்சாலை விதிகள் வகுத்திருக்கிற எல்லையே 90தான். அந்த இரைச்சலில் பல ஆண்டுகள் நின்றவர் அவர். அவருடைய ஹைஃபை ஒரு மண்பானை. பானையின் வாயில் ஒரு ஸ்பீக்கரைக் கவிழ்க்காமல் நிமிர்த்தி வைத்து, உள்ளே தறிக்கூடத்துக் கழிவு நூலைத் திணித்து, உள்ளூர் மெக்கானிக் கோத்துக் கொடுத்த சின்ன ஆம்ப்ளிஃபயரோடு இணைத்திருக்கிறார். தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஒரு காலத்தில் பல வீடுகளில் பார்த்த ஏற்பாடுதான் இது.

சிரிக்க வேண்டாம். ஸ்பீக்கரின் தாள் முன்னால் காற்றைத் தள்ளும்போதே பின்னால் இழுக்கிறது. இரண்டு அலைகளும் கலந்தால் கீழ்ஸ்தாயி ஒன்றையொன்று தின்றுவிடும். பின்பக்கத்தை அடைத்தால் அது பிழைக்கும். விலை உயர்ந்த மரப்பெட்டியும் முதலில் செய்கிற வேலை இதுதான். பானைக்கென்று ஒரு முனகல் உண்டு. அதை அந்தக் கழிவு நூல் அடக்குகிறது.

"பகலெல்லாம் தறிச் சத்தம் அண்ணாச்சி. ராத்திரி காதுக்கு வலிக்காம ஒரு பாட்டுக் கேட்டாத்தான் தூக்கம் வருது" என்றார்.

அவர் ஒலியைக் கூட்டவில்லை. தெரு அடங்கும் வரை காத்திருந்தார். மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டே கேட்டார். பாட்டு முடியும்வரை யாரும் பேசவில்லை.

பானை கடைநாதத்துக்கு ஈடாகாது என்பது எனக்குத் தெரியும். வறுமையை அழகென்று புகழ்கிற எண்ணமும் இல்லை. அவருக்குக் கொஞ்சம் பணம் சேர்ந்தால் நல்ல ஸ்பீக்கர் ஒன்று வாங்க வேண்டும் என்றே விரும்புகிறேன். ஆனால் எதற்காகக் கேட்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அது தெரிந்தவருக்கு எங்கே நிறுத்துவது என்பதும் தெரிந்துவிடுகிறது.

யோசனை கேட்பவர்களுக்கு என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஒதுக்குகிற தொகையில் பாதி ஸ்பீக்கருக்கு. மீதியில்தான் மற்ற எல்லாமும். ஒயருக்குப் பெரும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. இரண்டு ஸ்பீக்கரும் உட்காருகிற இடமும் ஒரு முக்கோணமாக அமையட்டும். சுவரை விட்டுச் சற்றுத் தள்ளி, அமரும்போது காது இருக்கிற உயரத்தில் வையுங்கள். வெறும் சுவரும் சிமெண்டுத் தரையுமான அறையில் எந்தச் செட்டும் இரையும். தடித்த திரைச்சீலை, தரையில் ஜமக்காளம், புத்தக அலமாரி ஆகியவை பாதி வேலையைச் செய்துவிடும். பெரும்பாலான வீடுகளில் இவை ஏற்கெனவே இருக்கின்றன.

வாங்கியபின் ஒரு சோதனை. பத்து நிமிஷம் கேட்டபிறகு உங்கள் நினைவு ராகத்தில் இருந்தால் செலவு சரியான அளவில் நின்றிருக்கிறது. பெட்டியில் இருந்தால் ஒன்று குறைவாகச் செலவழித்திருக்கிறீர்கள். அல்லது அதிகமாகச் செலவழித்திருக்கிறீர்கள். இரண்டில் எது என்று வீட்டிலிருப்பவர்களைக் கேட்டால் தயங்காமல் சொல்வார்கள்.

விசுவாசம் என்ற சொல்லைப் பெட்டிக்குக் கொடுத்துவிட்டோம். அது தன்னால் இயன்றவரை உழைக்கிறது. மீதியை நாம்தான் காட்ட வேண்டும்: பாடியவருக்குக் கவனமாக, கூட வாழ்பவர்களுக்கு நியாயமாக. நண்பர் வீட்டுப் பெண் மறுபடியும் பாட உட்கார்ந்தால், அந்தக் குரலுக்கு எந்த ஆம்ப்ளிஃபயரும் தேவைப்படாது.